வாத்துக்கு நின்ற தச்சர்: பொபி பியர்ஸ்

கேள்வி, 2023 மே 14

வட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஒருவர் படகோட்டிக்கொண்டு போகும்போது குறுக்கே வாத்துக் குடும்பம் ஒன்று வந்ததாம். அவர் நிறுத்தி வழிவிட்டாராம். அதற்குப் பிறகும் வென்றாராம். பெயர் பொபி பியர்ஸ், அவுஸ்திரேலியர் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கென்றால் நம்ப முடியவில்லை. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்துவிட்டுப் போகிறவன் வாத்துக்கு நிற்பானா? இந்த விளையாட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 14, இரவு

நடந்தது, தம்பி. 1928, அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக். ஆனால் இறுதிப் போட்டி இல்லை, காலிறுதி. எதிராளி பிரான்ஸ் நாட்டு வின்சன்ட் சோரன். பியர்ஸ் அந்தப் போட்டியை வென்றார், பிறகு தங்கமும் எடுத்தார். விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு எழும்ப வேண்டும். மிச்சம் நாளைக்கு.

மே 15

இந்த வகைப் படகில் ஓட்டுகிறவர் போகிற திசைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டால்தான் வாத்துக் கதை விளங்கும். எங்கள் ஊர்ப் பரவைக்கடலில் மரக்கோல் ஊன்றுகிறவர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பார், எதிரே வருவதெல்லாம் அவருக்குத் தெரியும். துடுப்புப் படகில் தெரிவது வந்த வழி மட்டும். ஒற்றையர் போட்டியில் படகில் ஒரே ஆள், கைக்கு ஒரு துடுப்பு. திசை சொல்ல வேறு யாரும் இல்லை. இடையிடையே தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்க்கலாம், ஒவ்வொரு பார்வையும் வேகத்தைக் கொஞ்சம் தின்னும்.

ஆகவே பியர்ஸ் வாத்தை முதலில் பார்க்கவில்லை. கரையில் நின்ற சனம் கத்தி, அவருக்குப் பின்னால் எதையோ கைகாட்டியது. திரும்பிப் பார்த்தால் வாத்துகள் வரிசையாக, கரையிலிருந்து கரைக்கு, ஆறுதலாகப் போய்க்கொண்டிருக்கின்றன. துடுப்பில் சாய்ந்துகொண்டு வழி கிடைக்கும்வரை காத்திருந்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். இன்று சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை என்றும் சொன்னார். அதற்குள் சோரன் முன்னால் போய்விட்டார். பியர்ஸ் விரட்டிப் பிடித்துத் தாண்டி வென்றார்.

போட்டி நடந்தது ஸ்லோட்டன் கால்வாயில். ஒடுக்கமான கால்வாய், ஒரு நேரத்தில் இரண்டு படகுதான் ஓட முடியும். இன்றைக்குப் போல ஆறு படகு வரிசையில் நிற்பதில்லை. ஒருவருக்கு ஒருவர், கிட்டத்தட்ட மல்யுத்தம் மாதிரி. அந்த ஒடுக்கத்தில் வாத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் எதிராளியின் வழியில் ஏற வேண்டி வந்திருக்கும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் நின்றது இரக்கத்தால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. துடுப்பு எதிலாவது மாட்டினால் படகு கவிழும். பாதுகாப்புக்கும் நின்றிருப்பார்.

மே 15, சற்றுப் பிறகு

இதைப் பற்றிப் பேச நீ யார் என்று யாரும் கேட்க முதல் சொல்கிறேன். நான் வீரன் இல்லை. ரொறன்ரோவில் வீடுகளுக்குச் சமையலறை அலுமாரி பொருத்துகிற தச்சன். முதுகு வலிக்கு நீச்சல் அல்லது துடுப்பு என்று வைத்தியர் சொன்னதால் போன கோடையில் புதியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எட்டு வாரம். ஆறாவது வாரம் ஒற்றையர் படகில் தனியாக விட்டார்கள். ஏறத்தாழ எட்டு மீற்றர் நீளம், இருக்கிற இடம் இடுப்பு அகலம்தான், இந்தக் காலத்துப் படகென்றால் நிறை பதினான்கு கிலோ. மூச்சை இழுத்துவிட்டால்கூட ஆடும். அன்று கனடா வாத்துகள் ஏழெட்டு என் வழியில் இருந்தன. பயிற்சியாளர் கரையில் நின்று கூவினார். நான் திரும்பிப் பார்த்தேன், இடது துடுப்பு ஆழமாகப் போய்விட்டது, நான் தண்ணீரில். வாத்துகள் அசையவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து வாத்து, படகு, ஒலிம்பிக் என்று தேடியபோதுதான் பியர்ஸ் எனக்கு அறிமுகமானார்.

மே 17

இரவில் நித்திரை வராமல் யோசித்தேன். "பாதுகாப்புக்கும் நின்றிருப்பார்" என்று நான் எழுதியது அவசரம். படகை நிறுத்துவது என்றால் என்ன என்று அனுபவித்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அந்த ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அவருடைய நேரம் 2000 மீற்றருக்கு 7 நிமிடம் 11 வினாடி. வினாடிக்கு நாலரை மீற்றருக்கும் மேல். அந்த வேகம் துடுப்பின் ஒரே வலிப்பில் வருவது இல்லை. நின்ற படகை எழுப்ப, குறுக்கிக் குறுக்கி ஐந்தாறு வலிப்பு, அப்புறம் நீட்டி நீட்டிப் பத்துப் பதினைந்து. தொடைக்குள் நெருப்பு ஏறுவது அந்த நேரத்தில்தான். போட்டிக்கு ஒரு தடவைதான் அதைச் செய்வார்கள். பியர்ஸ் இரண்டு தடவை செய்தார், இரண்டாவது தடவை, முன்னால் போய்விட்ட எதிராளிக்குப் பின்னாலிருந்து. கடைசி வாத்து போகும்வரை முழுதாக நிற்காமல், மெல்ல ஊர்ந்து, பறவைகள் விலகட்டும் என்று துடுப்பால் தண்ணீரை அடித்திருக்கலாம். அவர் காத்திருந்தார். ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. நின்றார், வாத்துக்காகவும்தான் நின்றார்.

இறுதிப் போட்டியில் அமெரிக்கர் கென்னத் மயர்ஸை ஏறத்தாழ பத்து வினாடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அம்ஸ்ரர்டாமில் அவுஸ்திரேலியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். திறப்பு விழாவில் கொடி பிடித்து வந்தவரும் அவரே.

மே 20

இன்று அவருடைய நினைவு நாள். 1976 மே 20, ரொறன்ரோவில் இறந்தார். சிட்னியில் பிறந்தவர் இங்கே எப்படி வந்தார் என்று மெல்பேர்னில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. வாத்துக் கதையைப் பகிர்கிறவர்கள் யாரும் சொல்லாத கதை அதுதான், எனக்கு வாத்தைவிட முக்கியம்.

1905 செப்டம்பர் 30ஆம் திகதி சிட்னியின் டபிள் பே பகுதியில் பிறந்தார். முழுப்பெயர் ஹென்றி ரொபர்ட் பியர்ஸ். தகப்பன் ஹரி பியர்ஸ், பணப் பந்தயங்களில் ஓட்டிய பெயர்போன துடுப்பாளர், உலகப் பட்டத்துக்கு முயன்று தோற்றவர். வீட்டில் எல்லோருக்கும் தண்ணீர்தான். ஒன்றுவிட்ட சகோதரர் சிசில் 1936 ஒலிம்பிக்கில் ஓட்டினார், சிசிலின் மகன் கேரி 1968இல் எண்மர் படகில் வெள்ளி வாங்கினார். ஆனால் துடுப்பு பொபிக்குச் சோறு போடவில்லை. அவர் தொழில் தச்சு.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரை ஹென்லியில் நடக்கும் டயமண்ட் ஸ்கல்ஸ் என்ற போட்டிதான் அந்தக் காலத்தில் ஒற்றையர் ஓட்டத்துக்கு உச்சம். 1928இல் பியர்ஸ் அதில் ஓட விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். காரணம், அவர் தச்சர்.

தகுதி இல்லை என்பதற்காக இல்லை. காசுக்கு ஓட்டினார் என்பதற்காகவும் இல்லை. கையால் வேலை செய்து கூலி வாங்குகிறவர் என்பதற்காக.

யார் அமெச்சூர், அதாவது காசுக்காக இல்லாமல் விளையாடுகிறவர், என்று ஹென்லியில் 1879இல் எழுதி வைத்த வரையறை அது. காசுக்குப் போட்டியிட்டவர் அமெச்சூர் இல்லை, சரி. விளையாட்டுக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர் இல்லை, அதுவும் போகட்டும். கடைசியில் ஒரு வரி: கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி ஆக இருப்பவரும் இருந்தவரும் அமெச்சூர் ஆகமாட்டார். சில வருடம் கழித்து இங்கிலாந்துச் சங்கம் ஏவல் வேலை செய்கிறவர்களையும் சேர்த்து விலக்கியது. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் ஓடி வெல்வதற்கு வேலி கட்டினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

மே 21

நேற்று கோபத்தில் எழுதினேன். இன்றும் கோபம் போகவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

என் ஐயாவும் தச்சர். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் அவர் போட்ட கதவுகள் இன்றும் இருக்கின்றன. முதிரை மரத்தில் நிலை வைத்தால் தலைமுறைக்கும் அசையாது. புது வீட்டுக் குடிபூரல் அன்று வேட்டி சால்வை கொடுத்து, பொட்டு வைத்து மரியாதை செய்வார்கள். நான் சிறு பிள்ளையாகக் கூடப் போய், அந்த மரியாதையைப் பார்த்துப் பூரித்து நின்றிருக்கிறேன். மூன்று மாதம் கழித்துக் கூலியின் மிச்சத்தைக் கேட்கப் போனபோதும் கூடப் போனேன். அதே வீடு, ஐயா போட்ட அதே கதவு. கதவுக்கு இந்தப் பக்கம், முற்றத்தில் நிற்க வைத்தார்கள். வெயில். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. நிலையின் மூலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார், மரம் சேரும் பூட்டு விலகியிருக்கிறதா என்று.

ஹென்லி வரையறையை முதல் முதல் வாசித்தபோது எனக்கு அந்த முற்றம்தான் நினைவு வந்தது.

மே 21, இரவு

ஒன்று விட்டுப்போனது. அந்தக் காலத்துப் பந்தயப் படகுகள் எல்லாம் மரம். மெல்லிய சீடர் பலகை, ஆவி பிடித்து வளைத்து ஆணி தெரியாமல் ஒட்டியது. துடுப்பு ஸ்புரூஸ் மரம். யார் செய்தார்கள்? தச்சர்கள். அந்த 1879 வரையறையில் இன்னொரு வரியும் இருக்கிறது, படகு சம்பந்தமான வேலையைக் கூலிக்குச் செய்தவரும் சேர முடியாது என்று. படகைச் செய்தவன் அந்தப் படகில் ஏறி ஓட முடியாது.

மே 23

"அந்தக் காலத்தில் எல்லா விளையாட்டிலும் அமெச்சூர் விதி இருந்ததுதானே, இதை ஏன் பெரிதாக எடுக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காசு வாங்காதே என்ற விதி எங்கும் இருந்தது, உண்மை. நீ என்ன தொழில் செய்து சாப்பிடுகிறாய் என்று கேட்டுக் கதவடைப்பது வேறு விஷயம். இங்கிலாந்துக்குள்ளேயே அதை ஏற்காதவர்கள் 1890இல் பிரிந்து போய், தொழிலாளிகளையும் சேர்க்கும் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டு சங்கமும் ஒன்று சேர 1956 வரை ஆனது. அந்தக் காலத்து ஆட்களுக்கே இது அநியாயம் என்று தெரிந்திருந்தது.

பியர்ஸ் முதல் ஆளும் இல்லை. 1920இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் கெலியையும் ஹென்லியில் சேர்க்கவில்லை. செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை செய்தவர். அவருடைய கழகத்தோடு ஹென்லிக்குப் பழைய தகராறும் இருந்தது, அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அந்த வருட டயமண்ட் ஸ்கல்ஸை இங்கிலாந்தின் ஜக் பெரஸ்போர்ட் வென்றார். சில கிழமைகளில் அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் கெலி அதே பெரஸ்போர்டை ஒரு வினாடியால் தோற்கடித்தார். கொஞ்ச நேர ஓய்வுக்குப் பிறகு அன்றே இருவர் போட்டியிலும் தங்கம். பிற்காலத்தில் அவருடைய மகன் ஹென்லிக்குப் போய் 1947இலும் 1949இலும் அதே டயமண்ட் ஸ்கல்ஸை வென்றான். மகள் நடிகை கிரேஸ் கெலி என்பது பலருக்குத் தெரியும். தகப்பன் எதற்காக விலக்கப்பட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

பெரஸ்போர்ட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

ஜூன் 2

வேலை நெருக்கம், பத்து நாளாக எழுத முடியவில்லை. மெல்பேர்ன் அக்காவின் கேள்வி இன்னும் நிற்கிறது.

தங்கப் பதக்கத்தோடு சிட்னிக்குத் திரும்பிய பியர்ஸைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்தது. கட்டட வேலை நின்றால் தச்சருக்கு வேலை ஏது? ஒலிம்பிக் வீரர் சிட்னி கண்காட்சி மைதானத்தில் கழிவுக் கடதாசி பொறுக்கினார். இந்த வரியை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. 2008 மந்தத்தில் எனக்கும் ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்தது. கருவிப் பெட்டியைத் திறந்து உளிகளைத் தீட்டி, திரும்ப மூடி வைப்பேன். அந்த வெறுமை தெரிந்தவனுக்கு, மைதானத்தில் கடதாசி பொறுக்கும் அந்தப் பெரிய உருவம் கண்ணை விட்டுப் போகாது. ஆறடிக்கு மேல் உயரம் அவர்.

1930 ஆகஸ்டில் முதலாவது பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டி ஒன்ராறியோவின் ஹமில்டனில் நடந்தது. இன்று பொதுநலவாய விளையாட்டு என்கிறோமே, அதன் தொடக்கம். பியர்ஸ் வந்தார், ஒற்றையரில் தங்கம் எடுத்தார். போட்டி பார்க்க வந்த விஸ்கிப் பிரபு டியூவர் அவருடைய நிலையைக் கேட்டு, தன் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை கொடுத்தாராம். அப்படியே கனடாவில் தங்கிவிட்டார். இதுதான் பதில், அக்கா.

வெள்ளி யாருக்கு? ஜக் பெரஸ்போர்ட். லண்டனில் தளபாடக் கம்பனி நடத்திய குடும்பத்துப் பிள்ளை, அந்தக் கம்பனியிலேயே இருந்தவர். ஹென்லியில் நாலு தரம் டயமண்ட் ஸ்கல்ஸ் வென்றவர். கதிரை மேசை செய்யும் கம்பனியை வைத்திருக்கிறவர் ஓடலாம். கதிரை மேசை செய்கிறவர் ஓட முடியாது. பெரஸ்போர்டில் எனக்கு மனக்குறை கிடையாது. ஐந்து ஒலிம்பிக், ஐந்திலும் பதக்கம், மூன்று தங்கம். மகா வீரர். விதியை எழுதியவர் அவர் இல்லை.

ஜூன் 3

திருத்தம். மேலே ஒரு பிழை விட்டுவிட்டேன். டியூவர் பிரபு ஹமில்டனில் பியர்ஸைப் பார்த்து வேலை கொடுத்தார் என்று பல இடத்தில் இருக்கிறது, நானும் அப்படியே எழுதினேன். இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோமஸ் டியூவர் பிரபு இறந்தது 1930 ஏப்ரல் 11. ஹமில்டன் போட்டி ஆகஸ்டில். நாலு மாதம் முன்பே இறந்தவர் கரையில் நின்று போட்டி பார்த்திருக்க முடியாது. விஸ்கி விற்கும் வேலை கிடைத்தது உண்மை, டியூவர் பெயரும் உண்மை. பிரபு நேரில் வந்து தோளில் தட்டிய காட்சியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஜூன் 11

இப்போது பாருங்கள். 1931இல் பியர்ஸ் மறுபடி ஹென்லிக்கு விண்ணப்பித்தார். இந்தத் தடவை தச்சர் இல்லை, விஸ்கி விற்பனையாளர். ஏற்றுக்கொண்டார்கள். டயமண்ட் ஸ்கல்ஸை வென்றார்.

அதே மனிதர், அதே கை. மூன்று வருடத்துக்கு முன் சீவுளி பிடித்த கை, இப்போது விலைப்பட்டியல் பிடிக்கிறது. கனவான் ஆகிவிட்டார்.

மே 20ஆம் திகதிக் குறிப்பைத் திரும்ப வாசித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. விதி என்ன சொல்கிறது? கைவினைஞராக "இருப்பவரும் இருந்தவரும்". இருந்தவரும்! அந்த எழுத்துப்படி பார்த்தால் 1931இலும் அவரை எடுத்திருக்கக் கூடாது. சிட்னியில் அவர் அறுத்த பலகை எல்லாம் அப்படியேதான் இருந்தது. 1928இல் எழுத்துக்கு எழுத்து விதி பார்த்தவர்கள் 1931இல் பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் விதி, வேண்டும் என்றால் வழி. இதில் எனக்கு சந்தோஷமும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. அவர் வென்றது சந்தோஷம். தொழிலை விட்டபிறகுதான் உள்ளே விட்டார்கள் என்பது வருத்தம்.

ஜூன் 12

விதி எப்போது போனது என்று கேட்டவருக்கு: 1937. அதற்கு முந்திய வருடம் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகிற வழியில் அவுஸ்திரேலிய எண்மர் அணி ஹென்லியில் ஓடக் கேட்டது. எல்லோரும் சிட்னிப் பொலிஸ்காரர்கள். மறுத்தார்கள். ஒரு நாட்டின் ஒலிம்பிக் அணியையே வாசலில் நிறுத்தியது பெரிய கண்டனத்தைக் கிளப்பியது, அடுத்த வருடம் அந்த வரியை எடுத்தார்கள்.

ஜூலை 8

இன்று லேக் ஷோர் சாலைப் பக்கம் வேலை. முடித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். சி.என்.இ. என்ற கனடா தேசியக் கண்காட்சி நடக்கிற இடத்துக்கு முன்னால் அலைத்தடுப்புச் சுவர் ஒன்று உண்டு, அதற்குள்ளே தண்ணீர் ஓரளவு அமைதி. நூறு தடவை அந்தச் சாலையால் வான் ஓட்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

1932இல் லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். மந்தம், கடல் தூரம். பல நாடுகள் ஆட்களை அனுப்பவில்லை, ஒற்றையர் போட்டிக்கு வந்தவர்களே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அமெரிக்கர் வில்லியம் மில்லர் கடுமையான ஆள். கனடாவில் வாழ்ந்துகொண்டு அவுஸ்திரேலியாவுக்காக ஓடிய பியர்ஸ் ஏறத்தாழ ஒரு வினாடி வித்தியாசத்தில்தான் வென்றார். ஒற்றையர் தங்கத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் காப்பாற்றிக்கொண்ட முதல் ஆள் அவர்.

அடுத்த வருடம் பணப் பந்தயத்துக்கு மாறினார். 1933 செப்டம்பரில், நான் இன்று நின்ற இதே ஒன்ராறியோ ஏரிக்கரையில், சி.என்.இ.யில் இங்கிலாந்தின் ரெட் பெல்ப்ஸைத் தோற்கடித்து, தகப்பனுக்குக் கிடைக்காத உலகப் பட்டத்தை எடுத்தார். 1934இல் மில்லரும், 1938இல் அவுஸ்திரேலியர் எவன்ஸ் படனும் அவரோடு மோதித் தோற்றார்கள். காசு வாங்கியபடியால் 1936 ஒலிம்பிக் கதவு மூடிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கடதாசி பொறுக்கியவர் பதக்கத்தை வைத்து என்ன செய்வது? குடும்பம் நடத்த வேண்டும்.

சுவரில் ஒரு மணி நேரம் இருந்தேன். நாலு பேர் படகு ஒன்று போனது, பெண் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் தாராக் கூட்டம் ஒன்று எழும்பிப் பறந்தது.

ஜூலை 9

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பியர்ஸ் ஓடிய காலத்தில் அந்தக் கரையில் நெட் ஹன்லனின் சிலை நின்றது. 1926இல் வைத்தது. ரொறன்ரோத் தீவில் வளர்ந்த பையன் ஹன்லன், 1880இல் தேம்ஸ் ஆற்றில் அவுஸ்திரேலியர் எட்வர்ட் டிரிக்கட்டைத் தோற்கடித்து உலகப் பட்டம் எடுத்தவர். அரைநூற்றாண்டு கழித்து அவுஸ்திரேலியர் ஒருவர் ரொறன்ரோவில், அந்தச் சிலைக்கு முன்னாலேயே, உலகப் பட்டம் எடுத்தார். சிலை 2004இல் தீவுக்குப் போய்விட்டது, இனி அந்தக் கரையில் தேட வேண்டாம். ஹன்லன்ஸ் பொயின்ற் போகிற படகில் ஏறினால் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6

ஐயாவைக் கூட்டிக்கொண்டு சென். கதரின்ஸ் போனேன். அங்கே மார்ட்டிண்டேல் குளத்தில் வருடா வருடம் இந்த நாட்களில் ஒரு ஹென்லி நடக்கும், கனடாவின் ஹென்லி. 1903 தொடக்கம் அந்த ஊரில்தான். ஐயாவுக்கு வயது 81, நடக்கப் பஞ்சி, ஆனால் படகு என்றதும் வந்தார்.

போட்டியை ஐயா அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஒரு கொட்டகைக்குள் பழைய மரப்படகு ஒன்று கூரையில் தொங்கியது, அதைக் கண்டதும் நின்றுவிட்டார். அங்கே நின்ற ஒரு முதியவர் ஏணி கொண்டுவந்து, ஐயா தொட்டுப் பார்க்கட்டும் என்று படகைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். ஐயா பெருவிரல் நகத்தால் பலகையின் கனத்தை அளந்தார். பிறகு உள்ளே கை விட்டு வங்குகளை, விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்களை, ஒவ்வொன்றாகத் தடவினார்.

"உது எப்பிடி வளைச்சவங்கள்?"

"ஆவி பிடிச்சு, ஐயா."

"ஓம், ஓம். அவசரப்பட்டா வெடிச்சிருக்கும்."

வரும் வழியில் காரில் பியர்ஸின் கதையை முழுக்கச் சொன்னேன். வாத்து, ஹென்லி, கடதாசி, விஸ்கி எல்லாம். வாத்துக்கு மட்டும் சிரித்தார். ஹென்லியில் மறுத்ததைச் சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பர்லிங்டன் பாலம் தாண்டின பிறகு கேட்டார்.

"பிறகு அவன் தச்சு வேலைக்குத் திரும்பிப் போனவனே?"

"இல்லை ஐயா. விஸ்கி வித்தவர், சண்டைக் காலத்தில கடற்படை."

"ம்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அந்தப் படகின் வங்குகளைப் பற்றித்தான் பேச்சு.

ஆகஸ்ட் 7

கடற்படை பற்றிக் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கனடாக் கடற்படையின் தொண்டர் படையில் அதிகாரியாக இருந்தார். போருக்குப் பிறகும் கனடாதான். இறந்தபோது வயது 70. அதே 1976 ஜூலையில் மொன்ட்ரியலில் ஒலிம்பிக், கனடா மண்ணில் முதல் தடவை. ஒற்றையர் போட்டியில் பின்லாந்தின் பெர்ட்டி கார்ப்பினன் தங்கம் எடுத்தார், பிறகு 1980, 1984 என்று தொடர்ந்து மூன்று. பியர்ஸ் இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார்.

செப்டம்பர் 30

இன்று பியர்ஸின் பிறந்தநாள். கேள்வி கேட்ட தம்பி, வாத்துக் கதையைத் தன் மகளுடைய வகுப்பில் சொல்லப் போவதாகவும், சுருக்கமாக எழுதித் தரும்படியும் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் போடுகிறேன்.

"பொபி பியர்ஸ் சிட்னியில் ஒரு தச்சர். 1928இல் ஒலிம்பிக் காலிறுதியில் ஓடிக்கொண்டிருந்தபோது வாத்துக் குடும்பம் ஒன்று குறுக்கே வந்தது. அவர் நின்றார். அவை போனபின் மறுபடி வலித்து அந்தப் போட்டியையும், பிறகு தங்கத்தையும் வென்றார். அதே வருடம் இங்கிலாந்தில் இன்னொரு போட்டிக்கு, நீ தச்சன் என்று சொல்லி அவரைச் சேர்க்கவில்லை."

கடைசி வரி பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்குமோ என்று தம்பி கேட்டார். எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.